சிவப்புக் கயிறு கட்டிய மக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுடையது மாடி போர்ஷன். ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, படிக்கட்டு ஓரத்தில் கீழ்வீட்டோடு பொதுவாக ஒரு கழிவறை. கணவர் சொகுசுப் பயணக் கப்பலில் ஹவுஸ்கீப்பிங் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில். வீட்டில் நான், ஒன்பது வயதுப் பையன், நாலு வயதுப் பெண், 68 வயது மாமியார். போன கார்த்திகை மழையில் ஒரு வயிற்று வைரஸ் எங்களை ஒவ்வொருவராகப் படுக்க வைத்தது. மொத்தம் பதினோரு நாள். தைக்க வாங்கி வைத்திருந்த 14 பிளவுஸைத் திருப்பிக் கொடுத்ததில் போனது 4,200 ரூபாய். கிளினிக், மருந்து, ஆட்டோ, ஆஸ்பத்திரிச் சாப்பாடு, வேண்டாத ஜூஸ், வேண்டாத சானிடைசர் என்று கையை விட்டுப் போனது 3,500. இத்தனைக்கும் தடுக்க வேண்டியது ஒரு நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும். யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் என்ற ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

புதன் ராத்திரி பதினொரு மணிக்குப் பெண் பாயிலேயே வாந்தி எடுத்தாள். விடிவதற்குள் ஆறு தடவை, கூடவே தண்ணீராகப் பேதி. நான் செய்தது எல்லா வீட்டிலும் செய்வதுதான். மாப்பை எடுத்துத் துடைத்தேன், பினாயில் ஊற்றி இன்னொரு தடவை துடைத்தேன், அதே மாப்பால் விடிகாலை சமையல்கட்டையும் துடைத்தேன். கொரோனா காலத்துப் பழக்கம், கையில் சானிடைசர் தடவிக்கொண்டு பாலைக் காய்ச்சப் போய்விட்டேன். இதில் ஒன்றுகூட உதவாது. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பால் ஆன ஒரு உறை உண்டு, ஆல்கஹால் பட்டால் அது கரைந்து வைரஸ் செத்துவிடும். நோரோ, ரோட்டா மாதிரியான வயிற்று வைரஸ்களுக்கு அந்த உறையே கிடையாது. வெறும் புரதக் கூடு. அதிலும் நோரோவை சானிடைசரால் நம்பிக் கொல்ல முடியாது. பினாயில் வாசனைக்குத்தான். மாப் என்ன செய்தது என்றால், ஓர் இடத்தில் இருந்ததை மூன்று இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நோரோ தொற்ற 18 வைரஸ் துகள் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சொட்டு வாந்தியில் லட்சக்கணக்கில் இருக்கலாம்.

வாந்தியை எப்படி எடுப்பது என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறோம். முதலில் பிள்ளைகளை அந்த அறையை விட்டு அனுப்புங்கள், ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள். வாந்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சாரல் காற்றில் கிளம்பும். அது வாய்க்குள் போனாலும் தொற்றும், அதனால் மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணி அல்லது மாஸ்க். கைக்கு ரப்பர் கிளவுஸ், இல்லையென்றால் முழங்கை வரை பிளாஸ்டிக் கவர். பழைய நியூஸ் பேப்பரையோ கிழிந்த கைலித் துணியையோ மேலே போட்டு உறிஞ்ச விட்டு, வெளி ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்தெடுத்து கவரில் போட்டுக் கட்டுங்கள். துடைப்பம் வேண்டாம். தென்னந்துடைப்பத்தின் ஒவ்வொரு குச்சியும் ஒரு தூரிகை, போகிற இடமெல்லாம் தெளித்துக்கொண்டே போகும். அசிங்கத்தை எடுத்த பிறகுதான் பிளீச்சிங். முதலிலேயே ஊற்றினால் அழுக்கோடு சேர்ந்தே குளோரின் தீர்ந்துபோகும், வைரஸுக்கு மிச்சம் இருக்காது.

பிளீச்சிங் பவுடரை நாட்டு மருந்துக் கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ பொட்டலமாகக் கொடுப்பார்கள். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். வாந்தியோ பேதியோ பட்ட இடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், அதாவது குவியலாக ஒரு மேஜைக்கரண்டி. கதவுத் தாழ்ப்பாள், ஸ்விட்ச் ஓரம், குழாய்த் திருகு, டிவி ரிமோட் வைக்கும் மேஜை இதற்கெல்லாம் லிட்டருக்கு 3 கிராம், தலைதட்டி ஒரு டீஸ்பூன் போதும். பிளாஸ்டிக் பக்கெட்டில் கலக்குங்கள், இரும்பு வேண்டாம். கால் மணி நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும், மேலே தெளிந்த தண்ணீர்தான் மருந்து. அதைத் தரையில் ஊற்றி, வாந்தி விழுந்த இடத்தைச் சுற்றி நாலைந்து அடி வரைக்கும் நனைத்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுவிடுங்கள். ஊற்றிய கையோடு துடைத்தால் ஊற்றாததற்குச் சமம். பிறகு வெறும் தண்ணீரால் துடையுங்கள், இல்லையென்றால் தாழ்ப்பாள் துருப்பிடிக்கும், மொசைக் தரை வெளுக்கும். ரிமோட்டையும் செல்போனையும் நனைக்கக் கூடாது, கரைசலில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து அதனால் துடையுங்கள், மின் இணைப்பை எடுத்துவிட்டு. கலக்கிய தண்ணீரை மறுநாளுக்கு வைக்காதீர்கள். உலர்ந்த தரையில் பவுடரை அப்படியே தூவினால் கோலமாவு மாதிரி கிடக்கும், அவ்வளவுதான்; தண்ணீரில் கரைந்தால்தான் வேலை செய்யும். பவுடருக்குப் பதில் 5 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) திரவம் கிடைத்தால் ஒரு லிட்டருக்கு 100 மி.லி. வாந்திக்கு, 20 மி.லி. மற்றதுக்கு.

ஒரு எச்சரிக்கை. கழிவறைக்கு ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன அறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. பாட்டிலில் வரும் டாய்லெட் கிளீனரிலும் ஆசிட் இருக்கிறது. ஒன்று போட்ட அன்று இன்னொன்று வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை எனக்கும் பையனுக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தது. வைரஸ் உள்ளே போய் 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும், புதன் ராத்திரிக்குக் கணக்கு சரியாக வருகிறது. யாரும் ஒரே சாப்பாட்டில் கெட்டுப்போகவில்லை, ஒருவர் மாற்றி ஒருவராக விழுந்தோம். வாந்தி முந்தியது, பேதி பின்னால் வந்தது. இந்த வரிசையே ஒரு துப்பு என்று பிறகு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கெட்ட சாப்பாடு என்றால் சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுவார்கள். அப்போது எனக்கு எதுவும் ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், பையன் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், சின்னது "அம்மா பசிக்குது" என்கிறது. அழுதேன். சனிக்கிழமை இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். ஆளுக்கு ஒரு ட்ரிப்ஸ், ஊசி, ஆன்டிபயாட்டிக். 1,640 ரூபாய். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கு, வைரஸுக்குச் செல்லாது. பேதியை அதிகப்படுத்தவும் கூடும். பேதியை அடைக்கும் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ட்ரிப்ஸ் என்பது வாயால் குடிக்க முடியாதவர்களுக்கும் ரொம்ப வறண்டு போனவர்களுக்கும்தான். குளுக்கோஸ் ஏற்றினால்தான் வைத்தியம் என்று நாம் நினைப்பதால் அவர்களும் ஏற்றுகிறார்கள். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் பங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்துத்தான் காப்பாற்றினார். இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்தது.

அந்தப் பொட்டலத்தில் நான் செய்த தப்பு இரண்டு. ஒன்று, மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டு அட்டைப் பெட்டியில் வரும் ஆப்பிள் வாசனை பானத்தை 240 ரூபாய்க்கு வாங்கினேன். அது ஜூஸ். சர்க்கரை அதிகம், உப்பு குறைவு, குடித்தால் பேதி கூடும். பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டு இப்படி விற்பதற்கு 2025இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்ட பொடிப் பொட்டலமா என்று பாருங்கள். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 என்று பின்பக்கம் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். இரண்டாவது தப்பு, ஒரு லிட்டர் பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கலக்கியது. அப்படிச் செய்தால் ஒரு டம்ளரில் உப்பு கூடும், இன்னொன்றில் குறையும். முழுப் பொட்டலம், முழு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி., பத்து வயது வரை 100 முதல் 200, பெரியவர்கள் முடிந்த மட்டும். குடித்ததை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் சும்மா விட்டு, பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். டம்ளரோடு வாயில் கவிழ்த்தால் திரும்பி வரத்தான் செய்யும். பொட்டலமே கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு துத்தநாக மாத்திரையும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் என்றால் தினம் 20 மி.கி., 14 நாள், பேதி நின்றாலும் நிறுத்தாமல். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். கஞ்சி, இட்லி, குழைந்த சாதம், குடிக்கிற குழந்தைக்குத் தாய்ப்பால், எல்லாம் தொடரலாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. வாந்தி நின்று ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. தப்பித்தோம் என்று தலைக்குக் குளித்து, சாதம் வடித்து, அத்தைக்குப் பல் இல்லாததால் வழக்கம்போல் கையாலேயே தயிர் சாதம் பிசைந்து கொடுத்தேன். கீழ்வீட்டு அக்கா கொடுத்த ரசப் பாத்திரத்தைக் கழுவி, சும்மா அனுப்பக் கூடாதென்று அதில் கொஞ்சம் சுண்டல் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அன்று சாயந்திரம்தான் கணவருக்கு லைன் கிடைத்தது. நடந்ததைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "இன்னிக்கு யார் சமைச்சது?" நான்தான் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கப்பலில் சமையல்கட்டு ஆள் ஒருத்தருக்கு வாந்தி பேதி வந்தால், கடைசி பேதி நின்று 48 மணி நேரம் ஆகும் வரை கேபினை விட்டு வெளியே விடமாட்டார்களாம். 1968இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பரவியதால் நோரோ என்று இதற்குப் பெயர் வந்த கதையெல்லாம் அவர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்வார்களாம். எனக்கு அந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் போதும். வாந்தி நின்ற பிறகும் மலத்தில் வைரஸ் இரண்டு வாரம், சில பேருக்கு அதற்கு மேலும் வெளியே வரும்; அதில் முதல் இரண்டு நாள்தான் ரொம்ப மோசம். நமக்கோ அந்த இரண்டு நாளில்தான் சமையல், துணி, பள்ளிக்கூடம், கடை என்று விட்ட வேலையெல்லாம் கண்ணில் படும். தனி ஆளாக இருந்து யாரும் இல்லையென்றால் அந்த 48 மணி நேரத்துக்குக் கடை இட்லியோ, பாக்கெட் பாலும் பிரெட்டுமோ, எதுவானாலும் உங்கள் கை படாத சாப்பாடு. சமைத்தே ஆக வேண்டும் என்றால் கொதித்து இறங்குகிறதை மட்டும் செய்யுங்கள், இறக்கிய பிறகு கை வைக்காதீர்கள். பிசைந்த சாதம், சட்னி, வெங்காயப் பச்சடி, நறுக்கிய பழம், இந்த வகை எதுவும் கூடாது.

செவ்வாய் விடியற்காலை அத்தைக்கு வந்தது. பையனுக்கு ஒரு நாளில் தீர்ந்தது வயதானவர்களுக்கு அப்படித் தீராது. மத்தியானம் கண் உள்ளே போய், நாக்கு காய்ந்து, கூப்பிட்டால் "ம்" மட்டும். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. கவனிக்க வேண்டியது இவைதான்: ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழந்தை அழுதும் கண்ணீர் வராமை, உச்சிக்குழி பள்ளமாவது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் படிவது, மலத்தில் ரத்தம், குடித்தது எதுவும் தங்காமை, துவண்டு தூங்கிக்கொண்டே இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நம்பி உட்காராதீர்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள். எங்களுக்கு ஸ்டான்லி பக்கம், தண்டையார்பேட்டைக்காரர்களுக்குத் தொற்றுநோய் மருத்துவமனை பக்கம். ஸ்டான்லியில் அத்தையை மூன்று நாள் வைத்திருந்தார்கள், வைத்தியத்துக்குக் காசு வாங்கவில்லை. அங்கே டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஆயா சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் காலைல போட்டாங்களாம்மா?" போட்டிருந்தார். நானே எடுத்துக் கொடுத்தேன். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சில பிரஷர் மாத்திரைகளும், நீர் பிரிக்கும் மாத்திரையும், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையும் சிறுநீரகத்துக்குச் சுமையாகும். வாந்தி பேதி தொடங்கிய அன்றே எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சுகர் இருக்கிறதே என்று நான் ஓ.ஆர்.எஸ். கொடுக்கவும் பயந்தேன். அதில் இருக்கிற குளுக்கோஸ் கொஞ்சம்தான், சுகர்காரர்களும் குடிக்கத்தான் வேண்டும்.

இனி மக்கு. எங்கள் கழிவறையில் குழாய் இருந்தாலும் தண்ணீர் வருவது ஒரு வேளைதான், பக்கெட்டும் மக்கும்தான் கதி. யோசித்துப் பாருங்கள். கால் கழுவின கையால் மக்கின் பிடியைத் தொடுகிறோம், பிறகு சோப்புப் போட்டுக் கழுவின கையால் அதே பிடியைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம், பிறகு அதே மக்கை பக்கெட்டுக்குள் மிதக்க விடுகிறோம். அடுத்தவர் அந்தத் தண்ணீரைத் தொடுகிறார். இத்தனை வருடம் இதைக் கவனிக்காமல் இருந்த மக்கு யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வழி சுலபம். கழிவறைக்குள் ஒரு மக்கு, கை கழுவ வெளியே வேறு ஏற்பாடு. குழாய் வைத்த பிளாஸ்டிக் கேன் ஒன்றை ஸ்டூலில் வையுங்கள், அல்லது இரண்டு லிட்டர் பாட்டில் மூடியில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டுத் தலைகீழாகக் கட்டித் தொங்க விடுங்கள். சோப்புப் போட்டுக் குறைந்தது 20 விநாடி, விரல் இடுக்கு, நகக் கண், கட்டை விரல், மணிக்கட்டு. இங்கே சோப்பு வைரஸைக் கொல்லுவதில்லை, வழுக்கி எடுக்கிறது, ஓடுகிற தண்ணீர் அதைக் கொண்டுபோகிறது. அதனால் பாத்திரத்துக்குள் கை முக்கிக் கழுவுவது கணக்கில் வராது. குழாய்த் திருகையும் சோப்புக் கையாலேயே கழுவிவிட்டு மூடுங்கள். எல்லாருக்கும் பொதுவான துண்டு வேண்டாம். இந்திய பாணிக் கழிவறையில் மூடி கிடையாது, பக்கெட்டைத் தூக்கி அடித்து ஊற்றினால் தெறிக்கும். ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்றிவிட்டு, நோயாளி போய் வந்த ஒவ்வொரு தடவையும் கால் வைக்கும் இடம், தாழ்ப்பாள், மக்குப் பிடி மூன்றுக்கும் பிளீச்சிங் தண்ணீர்.

குடிக்கிற தண்ணீருக்கும் இதே நியாயம்தான். லாரித் தண்ணீரோ அடி பம்புத் தண்ணீரோ, குடத்துக்குள் டம்ளரை விட்டு மொள்ளுகிற வரை உங்கள் விரலும் உள்ளே போகிறது. நீளக் காம்புக் கரண்டி, அல்லது குழாய் வைத்த பானை. மழைக்காலத்தில் சாக்கடை கலந்த வாடை வந்தாலோ, கலங்கலாக வந்தாலோ குடிநீர் வாரியத்தில் புகார் கொடுங்கள், அது சரியாகும் வரை அந்தத் தண்ணீரில் கை கழுவவும் வேண்டாம். சாதாரண நாளிலும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் வைரஸ் மிஞ்சாது. கேன் தண்ணீர் என்பதாலேயே சுத்தம் என்றும் இல்லை, கேனின் வாய் எத்தனை கை பட்டு வருகிறது! காசிமேட்டில் மட்டி, ஆளி வாங்குகிறவர்கள் ஓடு திறந்ததும் இறக்கிவிடாதீர்கள். அவை கடல் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகிறவை, சாக்கடை கலந்த இடத்தில் வைரஸையும் சேர்த்து வைத்திருக்கும். நோரோ 60 டிகிரிச் சூட்டைக்கூடத் தாங்கும். ஓடு திறந்த பிறகும் சில நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும்.

துணியை உதறாதீர்கள், உதறினால் அதுவும் ஒரு சாரல். ஒட்டியிருப்பதை வழித்துவிட்டு, தனி பக்கெட்டில் கொதிநீர் ஊற்றி சோப்புத்தூளோடு அரை மணி ஊற வைத்து, வெள்ளைத் துணியென்றால் தண்ணீர் ஆறிய பிறகு பிளீச்சிங் சேர்த்து, தனியாகத் துவைத்து மொட்டை மாடி வெயில். மழையென்றால் இஸ்திரி. நான் ஒரு நல்ல புடவைக்குப் பிளீச்சிங் போட்டு நாசம் பண்ணினேன், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

புதன்கிழமை கீழ்வீட்டுப் பையனுக்கும் வந்துவிட்டது. சுண்டலா, கழிவறையா, யாருக்குத் தெரியும், இரண்டும் என்னுடையதுதான். அந்த அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவர்கள் வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை வேறு. நல்ல வேளையாக ரோட்டா சொட்டு மருந்து 6, 10, 14 வாரம் மூன்றும் போட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2017 முதல் அரசு தடுப்பூசி அட்டவணையில் அது இலவசம், விட்டுவிடாதீர்கள். "நம்ம பொண்ணுக்கும் போட்டாச்சே, பின்ன ஏன் வந்துச்சு?" என்று அத்தை கேட்டார். அது ரோட்டாவுக்கு மட்டும். நோரோவுக்குத் தடுப்பு மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை, அதில் பல வகை இருப்பதால் ஒரு தடவை வந்தவருக்கே மறுபடியும் வரும். பள்ளிக்கூடத்தில் விசாரித்தபோது அந்தத் திங்கட்கிழமையே ஒரு பிள்ளை வகுப்பில் வாந்தி எடுத்திருந்தது தெரிந்தது, யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லியிருக்க மாட்டேன். இந்த முறை மிஸ்ஸுக்கும் வேன்காரருக்கும் போன் போட்டுச் சொல்லி, கடைசிப் பேதிக்கு அப்புறம் முழுசாக இரண்டு நாள் கழித்துத்தான் இரண்டையும் அனுப்பினேன்.

இப்போது வீட்டில் 250 கிராம் பிளீச்சிங் பவுடர், இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், பிள்ளைகள் கைக்கு எட்டாத பரண் மேல். வெளிச்சமும் ஈரமும் பட்டால் வீரியம் போய்விடும், அதனால் டப்பாவில் வாங்கின தேதியை ஒட்டி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். அதோடு பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம், இரண்டு ஜோடி கிளவுஸ். கழிவறை மக்கு வெளியே வந்துவிடக் கூடாதென்று அதன் பிடியில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறேன். விருந்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயில் கயிறு?" என்று கேட்கிறார்கள்.